அமெரிக்கா ஒதுங்கி நின்றது சரியா? 1919 முதல் 1941 வரை நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தவர்களும் பேச்சுப் போட்டிக்குத் தயாராகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் அமெரிக்கா ஒதுங்கி நின்றதே, அது சரியா தவறா? எந்தப் பக்கம் நின்று எழுதுவது? சரி என்று எழுதினால் எதிரே ஹிட்லர் வந்து நிற்கிறார். தவறு என்று எழுதினால் முதல் உலகப் போரில் உயிரிழந்த சுமார் 1,16,000 அமெரிக்கர்கள் வந்து நிற்கிறார்கள். பாதிப் பக்கத்தில் பேனா நின்றுவிடுகிறது.

கேள்வியை இரண்டே பக்கமாகப் பிரித்ததுதான் சிக்கல். முதலில், அமெரிக்கா முழுதாக ஒதுங்கி நிற்கவே இல்லை. அதே ஆண்டுகளில் அதன் கடற்படைச் சிப்பாய்கள் நிகரகுவாவில் 1933 வரையிலும் ஹைத்தியில் 1934 வரையிலும் இருந்தார்கள். யாங்சே நதியில் அமெரிக்கப் பீரங்கிப் படகுகள் ரோந்து போயின. பெர்லினில் அமெரிக்க டாலர் புழங்கியது. அமெரிக்கா தவிர்த்தது ஒன்றைத்தான்: 'நாளை ஐரோப்பாவில் சண்டை வந்தால் நாங்கள் வருவோம்' என்று முன்கூட்டியே கையெழுத்துப் போடுவதை. அந்தக் கையெழுத்தைச் சுற்றி ஒன்றல்ல, நான்கு வழிகள் அடுத்தடுத்து மேஜைக்கு வந்தன. அவற்றைத் தனித்தனியாக எடைபோட்டால் பதில் சுலபமாகிவிடும்.

## எதை வைத்து அளப்பது?

நான்கு அளவுகோல்கள் போதும். அந்த வழி அமெரிக்காவைப் போரிலிருந்து உண்மையிலேயே தள்ளி வைத்ததா? அதன் செலவு யார் தலையில் விழுந்தது? நிலைமை மாறியபோது கொள்கையை மாற்ற இடம் இருந்ததா? கடைசியாக, வாஷிங்டனில் ஓட்டு தேறியதா? அமெரிக்காவில் ஒரு உடன்படிக்கை நிறைவேற செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். காகிதத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஓட்டு இல்லாத வழி வழியே அல்ல.

என்னைக் கேட்டால் இரண்டாவது அளவுகோலுக்குத்தான் அதிக எடை. விடைத்தாள்களில் பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான். 'நாங்கள் யார் பக்கமும் இல்லை' என்று ஒரு பெரிய நாடு அறிவித்தால் சண்டை போடும் இருவருக்கும் அது ஒரே அளவில் வலிக்காது. ஏற்கனவே ஆயுதம் வைத்திருப்பவனுக்கு லாபம், வெளியிலிருந்து வாங்க வேண்டியவனுக்கு நஷ்டம். 1935க்குப் பிறகு நடந்தவை எல்லாம் இந்த ஒரு கணக்கில் வந்து முடிகின்றன.

## வழி 1: பன்னாட்டுச் சங்கத்தில் சேர்வது

முதல் உலகப் போர் முடிந்ததும், இனிப் போர் வராமல் தடுக்க நாடுகள் சேர்ந்து அமைத்த அமைப்பு பன்னாட்டுச் சங்கம். அமெரிக்கா அதில் சேர வேண்டும் என்று அன்றைய ஜனாதிபதி வில்சன் கேட்டார். சங்கத்தின் சாசனத்தில் 10வது பிரிவு, உறுப்பு நாடுகளின் எல்லையை வெளித் தாக்குதலிலிருந்து காப்போம் என்று எல்லா உறுப்பினர்களையும் கட்டியது. மாசசூசெட்ஸ் செனட்டர் ஹென்றி கேபட் லாட்ஜுக்கு இதுதான் உறுத்தல். போருக்குப் போவதை முடிவு செய்ய வேண்டியது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், ஜெனிவாவில் உட்காரும் சங்கம் அல்ல என்றார். முழுதாக மறுக்காமல் 14 நிபந்தனைகளைச் சேர்த்து ஏற்கலாம் என்றார். ஐடஹோவின் வில்லியம் போரா போன்ற சிலர் எந்த வடிவத்திலும் வேண்டாம் என்றார்கள்.

பாடப்புத்தகம் பெரும்பாலும் 'செனட் நிராகரித்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடும். 1920 மார்ச் 19 அன்று நடந்த ஓட்டெடுப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சங்கத்தின் சாசனம் அடங்கிய வெர்சாய் உடன்படிக்கையை லாட்ஜின் நிபந்தனைகளுடன் ஏற்பதற்கு ஆதரவாக 49, எதிராக 35. இன்னும் 7 ஓட்டு கிடைத்திருந்தால் அமெரிக்கா சங்கத்தில் உறுப்பினர். எதிராக ஓட்டுப் போட்டவர்களில் 23 பேர் வில்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். 1919 அக்டோபரில் பக்கவாதம் தாக்கிப் படுத்த படுக்கையான வில்சன், நிபந்தனையோடு வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார். ஆக, நிபந்தனையோடு சேர்வது என்ற நடுவழி செத்தது ஒதுங்கல்காரர்களால் மட்டும் அல்ல.

மறைமுகச் செலவு? பிரிட்டன், பிரான்ஸின் பேரரசு எல்லைகளுக்கும் சேர்த்துக் காவல் நிற்க வேண்டிவரும் என்ற பயம் பொய்யில்லை. பிரிட்டனோடு அதன் கீழிருந்த நாடுகளும் தனித்தனி உறுப்பினர்களாக உட்கார்ந்தன. அதில் ஒரு வேடிக்கை: அடிமை நாடான இந்தியா சங்கத்தின் தொடக்க உறுப்பினர். அந்தச் சங்கத்தையே முன்மொழிந்த நாடு வாசலுக்கு வெளியே.

சேராமல் போனதன் செலவு 1935இல் எத்தியோப்பியாவின் தலையில் விழுந்தது. இத்தாலியின் முசோலினி படையெடுத்தபோது சங்கம் தடைகள் விதித்தது, ஆனால் எண்ணெயைத் தொடவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, நாம் நிறுத்தினாலும் அமெரிக்கா விற்கும் என்பது. அதே 1935 ஜனவரியில் உலக நீதிமன்றத்தில் சேரும் தீர்மானமும் செனட்டில் 52–36 என்று தோற்றிருந்தது. பெரும்பான்மை உண்டு, மூன்றில் இரண்டு இல்லை.

இந்த வழி பொருந்தியிருக்கக் கூடிய காலம் 1919–20. ஜெர்மனியிடம் பெரிய படை இல்லை. வாக்குறுதி கொடுப்பதும் அதைக் காப்பாற்றுவதும் அன்று மலிவு. 1936க்குப் பிறகு அதே வாக்குறுதியின் விலை வேறு.

## வழி 2: உடன்படிக்கையும் டாலரும், படை மட்டும் இல்லை

1920களின் குடியரசுக் கட்சி அரசுகள் எடுத்த வழி. இதை ஒதுங்கல் என்று சொல்வது சரியில்லை. வேண்டிய அளவு கலந்துகொண்டு எதற்கும் பொறுப்பேற்காமல் இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் நல்ல முகம் 1921–22 வாஷிங்டன் கடற்படை மாநாடு. வெளியுறவுச் செயலர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் தொடக்க உரையிலேயே, அமெரிக்கா தன் 30 பெரிய போர்க்கப்பல்களைக் கைவிடத் தயார் என்று அறிவித்து மற்றவர்களைத் திகைக்க வைத்தார். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பானுக்கு 5:5:3 என்று விகிதம் முடிவானது. இந்தியாவின் பெயரில் அதில் கையெழுத்திட்டவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. உண்மையிலேயே கப்பல்கள் உடைக்கப்பட்டன, பணம் மிச்சமானது. ஆனால் ஜப்பான் 3க்குச் சம்மதித்தது சும்மா இல்லை. பிலிப்பைன்ஸிலும் குவாமிலும் புதிதாகக் கோட்டை கட்டுவதில்லை என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டது. அதன் விலை 1941 டிசம்பரில் ஜப்பான் அந்தத் தீவுகளைத் தாக்கியபோது தெரிந்தது.

பணத்தின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. நேச நாடுகள் அமெரிக்காவுக்குத் தர வேண்டிய போர்க்கடன் சுமார் 1,000 கோடி டாலர். அதை அடைக்க அவர்களுக்கு ஜெர்மனியின் இழப்பீடு வேண்டும். ஜெர்மனியிடம் பணம் இல்லை. ஜெர்மனி இழப்பீட்டைக் கட்ட வழிசெய்த 1924இன் டாஸ் திட்டம் 20 கோடி டாலர் கடனோடு தொடங்கியது, அதில் பாதிக்கு மேல் அமெரிக்க முதலீட்டாளர்களின் பணம். நியூயார்க்கிலிருந்து பெர்லினுக்குக் கடன், பெர்லினிலிருந்து பாரிஸுக்கும் லண்டனுக்கும் இழப்பீடு, அங்கிருந்து வாஷிங்டனுக்குத் தவணை. சரக்கு விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால், 1922இலும் 1930இலும் சுங்க வரியை ஏற்றி அந்தக் கதவையும் அமெரிக்கா சாத்தியது. 1929க்குப் பிறகு கடன் வரத்து நின்றதும் சுற்று மொத்தமும் நின்றது. 1931இல் ஜனாதிபதி ஹூவர் ஓராண்டு தவணை விலக்கு கொடுத்தார். அதன்பின் தவறாமல் கட்டிய நாடு பின்லாந்து ஒன்றுதான்.

இந்த வழியின் வெற்றுப் பக்கம் 1928இன் கெல்லாக்–பிரியாண்ட் உடன்படிக்கை. போரைக் கொள்கைக் கருவியாகப் பயன்படுத்த மாட்டோம் என்று நாடுகள் உறுதி கூறின. மீறினால் என்ன என்று ஒரு வரி இல்லை. 1929 ஜனவரியில் செனட் 85–1 என்று அதை ஏற்றது. அடுத்த மாதமே 15 க்ரூசர் கப்பல்கள் கட்டும் சட்டத்தையும் நிறைவேற்றியது! 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தபோது வெளியுறவுச் செயலர் ஸ்டிம்சன், பலாத்காரத்தால் வந்த மாற்றத்தை அங்கீகரிக்க மாட்டோம் என்று குறிப்பு அனுப்பினார். ஜப்பான் வாங்கி வைத்துக்கொண்டது.

எதிர்த் தரப்பும் பணத்தை மிச்சப்படுத்த நினைக்கும்போது இந்த வழி நன்றாக வேலை செய்யும். வேறெப்போதும் இல்லை.

## வழி 3: சட்டம் போட்டு நடுநிலை

1934இல் வடக்கு டகோட்டா செனட்டர் ஜெரால்ட் நையின் குழு, ஆயுத வியாபாரிகளும் வங்கிகளும் 1917இல் நாட்டைப் போருக்குள் இழுத்தார்களா என்று விசாரிக்க உட்கார்ந்தது. 1936 ஜனவரியில் பெரும் வங்கியாளர் ஜே.பி. மார்கன் ஜூனியரே சாட்சிக் கூண்டுக்கு வந்தார். இழுத்தார்கள் என்று நிரூபணமாகவில்லை, ஆனால் லாபக் கணக்குகள் வெளியே வந்ததே மக்களுக்குப் போதுமாக இருந்தது. மந்தநிலையில் வேலையில்லாமல் நின்றவனுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1935 ஆகஸ்ட் சட்டம் சண்டையிடும் இரு தரப்புக்கும் ஆயுத விற்பனையைத் தடுத்தது. 1936இல் கடன் கொடுக்கத் தடை. 1937இல் போரிடும் நாடுகளின் கப்பலில் அமெரிக்கர்கள் பயணம் செய்யத் தடை. 1914–17இல் நாட்டைப் போருக்குக் கொண்டுபோன ஒவ்வொரு படியையும் எண்ணி எண்ணி அடைத்தார்கள். இதில் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை. முதல் அளவுகோலில் இந்தச் சட்டங்களுக்கு நல்ல மதிப்பெண் உண்டு: 1939 நவம்பர் முதல் ஈராண்டு அமெரிக்கச் சரக்குக் கப்பல்கள் போர்ப் பகுதிக்குள் போகவில்லை, அதனால் 1917இன் கதை அப்படியே திரும்பவும் இல்லை.

இரண்டாவது அளவுகோலுக்கு வாருங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போர், 1937 ஜனவரி முதல் வாரம். நியூயார்க் துறைமுகத்தில் மார் கான்டாப்ரிகோ என்ற ஸ்பானியச் சரக்குக் கப்பலில் குடியரசு அரசுக்காக விமானங்களும் பாகங்களும் அவசர அவசரமாக ஏற்றப்படுகின்றன. நடுநிலைச் சட்டம் நாடுகளுக்கு இடையேயான போருக்குத்தான், உள்நாட்டுப் போருக்கு இல்லை. அந்த ஓட்டையை அடைக்கக் காங்கிரஸ் ஓடுகிறது. செனட்டில் 81–0. பிரதிநிதிகள் அவையில் 406–1, எதிர்த்த ஒரே ஆள் மின்னசோட்டாவின் ஜான் பெர்னார்ட். சட்டம் அமலுக்கு வருமுன் கப்பல் கரையை விட்டுப் போய்விட்டது. ஆனால் மார்ச்சில், குடியரசை எதிர்த்துக் கலகம் செய்த தளபதி பிராங்கோவின் க்ரூசர் போர்க்கப்பல் ஒன்று அதை மடக்கிப் பிடித்தது. சரக்கு போய்ச் சேர்ந்தது பிராங்கோவின் கையில்.

கடலில் நடந்தது துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். சட்டத்திலேயே இருந்தது வேறு கதை. எண்ணெயும் லாரியும் ஆயுதப் பட்டியலில் இல்லை. அமெரிக்க எண்ணெய் நிறுவனம் டெக்ஸாகோ பிராங்கோவுக்குக் கடனிலேயே எண்ணெய் அனுப்பியது. அவருக்கு விமானமும் டாங்கியும் ஹிட்லரும் முசோலினியும் கொடுத்தார்கள். அமெரிக்காவே அங்கீகரித்திருந்த ஸ்பெயின் அரசுக்கு மட்டும் அமெரிக்கச் சந்தை மூடியது. காகிதத்தில் இரு தரப்புக்கும் ஒரே தடை!

சீனாவில் இதே கணக்கு தலைகீழாக வந்தது. 1937இல் ஜப்பான் போர் அறிவிக்காமலே படையெடுத்ததால், போர் நடக்கிறது என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சட்டப்படி அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் ஆயுதம் வாங்க வேண்டிய சீனாதான் அடிபட்டிருக்கும். இந்த ஏமாற்று வேலை சரிதான் என்பது என் எண்ணம். ஆனால் சட்டத்தைக் காப்பாற்ற ஜனாதிபதியே சட்டத்தைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது என்றால் சட்டத்தின் லட்சணம் தெரிகிறது அல்லவா? மூன்றாவது அளவுகோலில் இந்த வழி மோசமாகத் தோற்பது இங்கேதான். 1939 ஜூலையில் ஆயுதத் தடையை நீக்க ரூஸ்வெல்ட் கேட்டபோது செனட் வெளியுறவுக் குழு 12–11 என்று தள்ளிப்போட்டது. இந்த ஆண்டு போர் வராது, என்னிடம் அரசைவிட நல்ல தகவல் இருக்கிறது என்றார் போரா. செப்டம்பர் 1ஆம் தேதி ஜெர்மன் படை போலந்துக்குள்.

இதன் கடைசி எல்லை லட்லோ முன்மொழிந்த அரசியலமைப்புத் திருத்தம்: நாடு தாக்கப்பட்டால் ஒழிய, மக்கள் ஓட்டெடுப்பு இல்லாமல் போர் அறிவிக்கக் கூடாது. ஜப்பானிய விமானங்கள் யாங்சேயில் பனாய் என்ற அமெரிக்கப் படகை மூழ்கடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. 1938 ஜனவரியில் 209–188 என்ற ஓட்டில் அது விவாதத்துக்கு வராமலே விழுந்தது.

இதன் 1940 வடிவம் 'கோட்டை அமெரிக்கா': உள்ளூரில் படையைப் பெருக்குவோம், வெளியே எதுவும் கொடுக்க வேண்டாம். யேல் மாணவர்கள் தொடங்கிய அமெரிக்கா ஃபர்ஸ்ட் கமிட்டி இதைத்தான் சொன்னது. கேலிக்குரிய வாதம் இல்லை, கடல் அகலம்தான். 1941 செப்டம்பரில் டி மாயின் நகரில் விமானி லிண்ட்பெர்க், பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் அரசு ஆகிய மூவரும் நாட்டைப் போருக்குத் தள்ளுகிறார்கள் என்று பேசி அந்த இயக்கத்தின் பெயரைக் கெடுத்தார்.

## வழி 4: போருக்கு ஒரு படி குறைவான உதவி

1939 நவம்பரில் சட்டம் மாறியது: ரொக்கம் கட்டு, உன் கப்பலில் ஏற்று. கடல் பிரிட்டன் கையில் இருந்ததால் இதுவும் பெயருக்குத்தான் நடுநிலை, இம்முறை வேறு பக்கம் சாய்ந்த நடுநிலை. 1940 செப்டம்பரில் 50 பழைய நாசகாரிக் கப்பல்களைக் கொடுத்து, நியூபவுண்ட்லாந்து முதல் பிரிட்டிஷ் கயானா வரை தளங்கள் பெறும் ஒப்பந்தம். குத்தகை பெற்ற தளங்களுக்குக் காலம் 99 ஆண்டு. செனட்டுக்குப் போகவே இல்லை, ஜனாதிபதியின் நிர்வாக ஒப்பந்தமாகவே முடிந்தது.

டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், ரொக்கம் தீரப்போகிறது என்று எழுதினார். பக்கத்து வீடு எரியும்போது தோட்டத்துக் குழாயைக் கொடுத்துவிட்டு விலை பேசுவோமா என்று ரூஸ்வெல்ட் பத்திரிகையாளர்களிடம் கேட்டார். போர்த் தளவாடம் கடன் கொடுப்பது சூயிங் கம் கடன் கொடுப்பது போல, திரும்பி வந்தாலும் வேண்டாம் என்றார் ஒஹையோ செனட்டர் ராபர்ட் டாஃப்ட். அதில் டாஃப்ட் சொன்னதுதான் நடந்தது. 1941 மார்ச்சில் கடன்–குத்தகைச் சட்டம் செனட்டில் 60–31 என்று நிறைவேறியது. கடைசியில் மொத்த உதவி சுமார் 5,000 கோடி டாலர்.

செலவு யார் தலையில்? பிரிட்டன் சும்மா பெறவில்லை. 1941 ஜனவரியில் லூயிவில் என்ற அமெரிக்கக் க்ரூசர் தென் ஆப்பிரிக்காவின் சைமன்ஸ்டவுனுக்குப் போய் பிரிட்டனின் தங்கத்தை ஏற்றிவந்தது. உங்களிடம் உண்மையிலேயே பணம் இல்லை என்று காங்கிரஸுக்குக் காட்டுங்கள் என்ற நெருக்கடியில், கோர்ட்டால்ட்ஸ் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையையும் பிரிட்டன் மலிவாக விற்றது.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. 1941 செப்டம்பரில் கிரீர் என்ற அமெரிக்க நாசகாரியை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியதாக ரூஸ்வெல்ட் வானொலியில் சொன்னார். கிரீர் அந்த நீர்மூழ்கியை மணிக்கணக்கில் தொடர்ந்து, அதன் இருப்பிடத்தைப் பிரிட்டிஷ் விமானத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை. அடுத்த மாதக் கடைசியில் ரூபன் ஜேம்ஸ் மூழ்கி சுமார் நூறு மாலுமிகள் இறந்தார்கள். போர் அறிவிக்கப்படாத போர். பசிபிக்கில் 1941 ஜூலையில் ஜப்பானின் சொத்தை முடக்கி எண்ணெயையும் நிறுத்தியது, ஜப்பானைப் பின்வாங்க வைப்பதற்குப் பதில் அவசரப்படுத்தியது.

ஆக, போரிலிருந்து விலக்கி வைப்பதில் இந்த வழி தோல்வி. ஆனால் நேரம் வாங்கித் தந்தது. 1939இல் அமெரிக்கத் தரைப்படை 2 லட்சத்துக்கும் குறைவு. அடுத்த ஆண்டுகளின் ஒத்திகைகளில் லாரி மேல் 'டாங்கி' என்று எழுதி ஓட்டினார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | போரிலிருந்து விலக்கியதா | செலவு யார் தலையில் | மாற்ற இடம் | ஓட்டு |
|---|---|---|---|---|
| சங்கத்தில் சேர்வது | சோதிக்கப்படவில்லை | சேராததால் எத்தியோப்பியா | நிபந்தனையோடு என்றால் உண்டு | 7 குறைவு |
| உடன்படிக்கை, டாலர் | 1931 வரை சிக்கல் இல்லை | கடன் கொடுத்தவர்கள், மஞ்சூரியா | நிறைய, கட்டுப்பாடே இல்லை | சுலபம் |
| சட்ட நடுநிலை | சில காலம், ஆம் | ஸ்பெயின் | மிகக் குறைவு | மிகச் சுலபம் |
| போருக்குக் குறைவான உதவி | இல்லை | பிரிட்டன், மாலுமிகள், உண்மை | நிறைய | போராடித்தான் |

## அப்போ எந்தப் பக்கம் எழுதுவது?

தேதியைக் கேட்காமல் பக்கம் எடுக்காதீர்கள். 1920க்கு என் தேர்வு லாட்ஜின் நிபந்தனைகளோடு சங்கத்தில் சேர்வது. வில்சனின் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. 1921–22க்கு இரண்டாவது வழி. 1935இல் நான் ஒரு செனட்டராக இருந்திருந்தால் முதல் நடுநிலைச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டிருக்கவும் கூடும், ஆனால் தாக்கியவனையும் தாக்கப்பட்டவனையும் பிரித்துப் பார்க்க ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுக்கும் ஒரு பிரிவோடு. ரூஸ்வெல்ட் அதைத்தான் கேட்டார், காங்கிரஸ் கொடுக்கவில்லை. 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்த பிறகு நான்காவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை, அதன் பொய்களோடு சேர்த்துத்தான்.

போட்டியில் ஒதுங்கல் பக்கம் பேசும்படி சீட்டு விழுந்தால் லிண்ட்பெர்க்கை மேற்கோள் காட்டாதீர்கள், எதிரணிக்கு அது விருந்து. டாஃப்டை எடுங்கள், கிரீர் சம்பவத்தை எடுங்கள், செனட்டுக்குப் போகாத நாசகாரி ஒப்பந்தத்தை எடுங்கள். ஜனாதிபதி காங்கிரஸைத் தாண்டிப் போரை நெருங்கலாமா என்ற கேள்வியில் நிற்க உங்களுக்கு நல்ல தரை உண்டு. எதிர்ப் பக்கம் கிடைத்தால் பேர்ல் ஹார்பரில் தொடங்க வேண்டாம், எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள். 1937 ஜனவரியின் நியூயார்க் துறைமுகத்தில் தொடங்கி, 406–1 என்ற ஓட்டு யாருக்கு உதவியது என்று கேளுங்கள்.